தொண்ணூத்தெட்டாம் கட்டம்

— “அன்புக் குழந்தைகளே! காரிலிருந்து இறங்குங்கள்! பேருந்தில் ஏறுங்கள்! பூமியைக் காப்பாற்றுங்கள்!” இந்த இடத்துல கையைத் தூக்கணுமா, வேணாமா?

— முதல்ல அந்தப் பகடையைத் தூக்குங்க. உருண்டு வந்து கியர்ல இடிக்குது. பின்னாடி என்ன வண்டி வருதுன்னே தெரியல எனக்கு. கண்ணாடி பூரா ஆறு புள்ளிதான் தெரியுது.

— மெத்தைக் கடையில சொல்லி வெச்சு வெட்டி வாங்கினது, கோதை. பசங்க கட்டிப் பிடிச்சு உருட்டணும்ல. சின்னதா இருந்தா ஒரு பிரம்மாண்டம் வராது.

— ஏழு பேர் உக்கார்ற வண்டி. உள்ள இருக்கறது நீங்க, நான், ஒரு பகடை, பாய் மாதிரி சுருட்டி வெச்ச இருபதடி விளையாட்டு. போறது மவுண்ட் ரோஸ்கில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு. எதுக்கு? காரை விடுங்க குழந்தைகளான்னு சொல்றதுக்கு.

— அதை நானே பேச்சுல சேர்த்துட்டேன். மூணாம் பக்கம். “என்னைப் பார்த்து யாரும் எதையும் கத்துக்காதீங்க”ன்னு வரும். நம்மள நாமளே கிண்டல் பண்ணிக்கிட்டா மத்தவங்களுக்கு வேலை மிச்சம்.

— அடேயப்பா.

— ரெண்டாம் பக்கம் கேளு. “இது நம்ம பரமபதம்தான். நூறு கட்டம். நாலாம் கட்டம் பிளாட் புஷ், அதாவது எங்க வீடு. தொண்ணூத்தெட்டாம் கட்டம் இந்தப் பள்ளிக்கூடம். பஸ், ரயில், சைக்கிள் எல்லாம் ஏணி. ஒத்தை ஆளா கார் ஓட்டிட்டுப் போனா பாம்பு. நாலு பேர் ஒரே கார்ல சேர்ந்து போனா இன்னொரு தடவை உருட்டலாம்.” எப்படி?

— நல்லாத்தான் இருக்கு. இந்த நாட்டுக்கு வந்து பதிமூணு வருஷத்துல நீங்க எத்தனை ஏணி ஏறியிருக்கீங்க? அது எந்தப் பக்கத்துல வரும்?

— ஒண்ணு ஏறினேனே. ரயில். வந்த முதல் வாரம். தூங்கிப்போய் கடைசி ஸ்டேஷன் புக்கெகோஹில இறங்கி, முட்டைக்கோஸ் தோட்டத்து ஓரமா நின்னுக்கிட்டு உனக்கு போன் பண்ணி அழுதேன்.

— அழல. “வந்து கூட்டிட்டுப் போ”ன்னு மட்டும் சொன்னீங்க. குரல்தான் ஒரு மாதிரி இருந்துச்சு.

— அடுத்த சனிக்கிழமையே கார் வாங்கினோம்.

— அதுக்கப்புறம் பால் வாங்கக்கூட நீங்க நடந்ததில்ல. தெருமுனை டெய்ரிக் கடைக்கு ரிவர்ஸ் எடுத்துட்டுப் போற ஒரே மனுஷன் நீங்கதான்.

— மஹதி இந்த அப்பன் மாதிரி இல்ல, அது போதும். காலையில எட்டு மணிக்கே கிளம்பிட்டா பாரு. “அஸ்வினி ஆன்ட்டி கார்ல ஒரு சீட் இருக்கு, சேர்ந்து போனா டபுள் ரோல்”னுட்டு. எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

— பஸ்ல போலாம் பஸ்ல போலாம்னு அவ ஒரு வாரமா உங்ககிட்ட கெஞ்சினா.

— பகடை பஸ் கதவுல நுழையாதுடா தங்கம், அடுத்த தடவை போலாம்னு சொன்னேன்.

— உங்க அடுத்த தடவை எப்படின்னு அவளுக்குத் தெரியாதா. போன் அடிக்குது, எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.

— வணக்கம், வசந்தமலர் டீச்சர்! கோதண்டராமன் பேசறேன். மாங்கரே தாண்டிட்டோம். மோட்டார்வேயில வேலை நடக்குது, ஊர்ந்துதான் போகுது. பத்து மணிக்கு டாண்ணு வந்துடுவோம்.

— ஓம் தம்பி, ஆறுதலா வாங்கோ. பாருங்கோ, மண்டபம் முழுக்கப் பிள்ளையள். நாப்பது பேர் வந்திட்டினம். நான் ஏன் எடுத்தனான் எண்டால், மஹதியும் உங்களோடதானே வாறா? அவதான் முதல்ல விளையாடிக் காட்டோணும்.

— இல்லையே டீச்சர். அவ அஸ்வினி கார்ல முன்னாடியே வந்துட்டாளே.

— அஸ்வினி வந்து அரை மணித்தியாலம். இஞ்ச எனக்குப் பக்கத்திலதான் நிக்கிறா. மஹதி தன்னட்ட வரவேயில்லை எண்டு சொல்லுறா.

— வரலையா?

— ஏங்க. அவ எங்க?

— எனக்கென்ன தெரியும்? கதவைச் சாத்திட்டு டாட்டா காட்டினா. அஸ்வினி வீட்டுப் பக்கம்தான் திரும்பினா. நான் பார்த்தேன். பார்த்தேனா? பேச்சு படிச்சுக்கிட்டிருந்தேன்.

— அந்தப் பேப்பரைத் தூக்கிப் போட்டுட்டு யோசிங்க!

— இரு, இரு. நாலாம் பக்கத்துக்குப் பின்னாடி ஏதோ எழுதியிருக்கா. பச்சை ஸ்கெட்ச்சுல.

— படிங்க.

— “டாட், ஐ’ம் டேக்கிங் தி எல்லோ லேடர். சீ யூ அட் நைன்டி எயிட்.” கீழ ஒரு சிரிக்கிற மூஞ்சி.

— எல்லோ லேடர்னா?

— மஞ்சள் ஏணி. நாலாம் கட்டத்துலேருந்து தொண்ணூத்தெட்டு வரைக்கும் நேரா ஒண்ணு வரைஞ்சிருக்கேன்ல. நம்ம வீட்டு வாசல்ல ஏறினா பள்ளிக்கூட வாசல்ல இறங்கலாம். ஒரே பஸ்.

— தனியா பஸ்லயா? கடவுளே. அந்த பஸ் அங்க எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?

— சேராது.

— என்ன சேராது?

— அப்படி ஒரு பஸ்ஸே இல்ல, கோதை.

— திருப்பிச் சொல்லுங்க.

— இல்லாத பஸ். ஏணி நேரா இருந்தா பார்க்க லட்சணமா இருந்துச்சு. மேப்புல பார்த்தேன், மனுக்காவுல ஒண்ணு மாறணும், ஒனிஹங்காவுல ஒண்ணு மாறணும்னு போட்டிருந்துச்சு. ஏணியை ரெண்டு இடத்துல ஒடைச்சு வரைஞ்சா கசகசன்னு ஆயிடும், பசங்களுக்கு எதுக்குக் குழப்பம்னு... விளையாட்டுதானேன்னு...

— நீங்க ஆபீஸ்ல பாக்கற வேலை என்ன?

— சாஃப்ட்வேர் டெஸ்டர்.

— அப்படின்னா?

— மத்தவங்க செஞ்சதுல என்ன தப்பு இருக்குன்னு கண்டுபிடிக்கறது.

— வாயில நல்லா வருது எனக்கு. அவகிட்ட போன் இருக்கா? ஹைஸ்கூல் போனாதான் போன்னு சட்டம் போட்ட மகான் யாரு?

— நான்தான்.

— பஸ் கார்டு?

— பசங்களுக்குக் காட்டறதுக்கு ஒண்ணு வாங்கி, கேம் பெட்டியில கவர்ல போட்டு, “கண்காட்சிப் பொருள்”னு எழுதி... கவர் காலியா இருக்கு. இதே விளையாட்டைச் சின்னதா வரைஞ்ச அட்டை போர்டையும் காணோம்.

— அது எதுக்கு அவளுக்கு?

— வழி பாக்கறதுக்கு எடுத்துட்டுப் போயிருக்கா. நான் கிறுக்கினதை மேப்புன்னு நம்பி. மேப்புன்னு, கோதை! மேப்புன்னு!

— மூச்சு விடுங்க. நல்லா இழுத்து விடுங்க. இப்ப மயக்கம் கியக்கம் போட்டீங்க, இங்கயே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன். வார்டுல பத்து பேஷண்ட் ஒண்ணா கத்தினாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது. இப்ப பாருங்க, இண்டிகேட்டருக்குப் பதிலா வைப்பரைப் போட்டுட்டேன்.

— தம்பி, நான் இன்னும் லைன்ல தான் நிக்கிறன். எல்லாம் கேட்டனான்.

— டீச்சர்! மன்னிச்சுக்கோங்க.

— அதை விடுங்கோ. ரெண்டு பேரும் பதறாதேங்கோ. பாருங்கோ, இஞ்ச பன்னிரண்டு வயசுப் பிள்ளையள் தனியத்தான் பஸ்ஸில பள்ளிக்கூடம் போய் வருகினம்.

— அவங்க ஏறுற பஸ் நிஜமான பஸ், டீச்சர்.

— ஓம், அது உண்மைதான். என்ன உடுப்போட வெளிக்கிட்டவ?

— மஞ்சள் ரெயின்கோட். ரெட்டைப் பின்னல்.

— சரி. அஸ்வினியை பஸ் ஸ்டொப்பில போய் நிக்கச் சொல்லுறன். நான் வாசல்ல நிக்கிறன். லைனை வெட்டாதேங்கோ.

— ஏங்க, தொலைஞ்சு போனா என்ன பண்ணணும்னு அவளுக்குத் தெரியும். எத்தனை மால் வாசல்ல நிறுத்தி சொல்ல வெச்சிருக்கோம்.

— “அங்கேயே நில்லு. யார் கார்லயும் ஏறாத. நாங்க வந்து கூட்டிட்டுப் போறோம்.”

— அதான். அவ திக்காம திணறாம சொல்ற ஒரே தமிழ் அதுதான்.

— மெதுவா. ஆறு வருஷமா தமிழ் சொல்லிக் குடுக்கற டீச்சர் லைன்ல இருக்காங்க.

— ஓம், அதையும் கேட்டனான்.

— அங்கேயே நில்லுன்னு சொல்லிக் குடுத்தோமே, எங்க நிக்கறான்னு நமக்கு எப்படித் தெரியும்? அதை யோசிச்சோமா? கோதை, இந்த எக்ஸிட்ல இறங்கு. ஒனிஹங்கா. இங்கதான் மாறணும். பஸ் நிக்கற இடத்துல என்னை விடு, நான் தேடறேன்.

— விடறேன், ஆனா நிறுத்த முடியாது. போர்டைப் பாருங்க. பஸ்ஸைத் தவிர எதுவும் நிக்கக்கூடாதாம். பின்னாடி வேற ஹாரன் அடிக்கறான். யாருன்னு பார்த்தா ஆறு புள்ளிதான் தெரியுது! இறங்குங்க, இறங்குங்க!

— உன் போனையும் இந்த கால்ல சேர்த்துட்டேன். மூணு பேரும் ஒரே லைன்ல இருக்கோம். வெச்சுடாத. கேக்குதா?

— கேக்குது. நான் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வரேன். என்ன பாக்கறீங்க? சொல்லிக்கிட்டே இருங்க.

— அஞ்சாறு பஸ் நிக்குது. எல்லாத்துக்கும் ஒரு நம்பர். எது எங்க போகுதுன்னு ஒரு மண்ணும் புரியல. இதை வெச்சுக்கிட்டு நான் நாப்பது பசங்களுக்கு வகுப்பு எடுக்கப் போறேன்.

— டிரைவரைக் கேளுங்க.

— கேட்டேன். எங்க போகணும்னார். நான் போகல, என் பொண்ணு போயிருக்கான்னேன். எந்த பஸ்லன்னார். இல்லாத பஸ்லன்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, உடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னு கேட்டார்.

— அவர் கேட்டதுல தப்பே இல்ல. அய்யய்யோ, இது என்ன ரோடு? ஏங்க, லேன் மாத்த விட மாட்டேங்கறான். என்னை மறுபடியும் மோட்டார்வேல கொண்டு போய் விடுது!

— கோதை! மஞ்சள் கோட்டு! அந்த பஸ்ல, ஜன்னல் ஓரம்! மஹதி! மஹதீ! கிளம்பப் போறான். இரு, ஏறிடறேன்!

— ஏங்க? இருக்காளா? பார்த்தீங்களா? பேசுங்களேன்!

— இல்ல.

— என்ன இல்ல?

— எழுபது வயசு தாத்தா. மீன் பிடிக்கப் போறாராம். தூண்டிலெல்லாம் வெச்சிருக்கார். நல்ல மனுஷன், நகர்ந்து உக்கார இடம் குடுத்தார்.

— இறங்குங்க!

— பஸ் கிளம்பிடுச்சு.

— கார்டு இல்லாம எப்படி விட்டாங்க?

— என் மூஞ்சியைப் பார்த்து டிரைவர் கையை ஆட்டிட்டார், போய் உக்காருன்னு. பதிமூணு வருஷம் கழிச்சு பஸ் ஏறினேன், அதுவும் டிக்கெட் இல்லாம. டீச்சர், இதை எப்படி நிறுத்தறது? கத்தணுமா? இல்ல எழுந்து போய் சொல்லணுமா?

— பக்கத்துக் கம்பியில ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும் தம்பி. அதை அமத்துங்கோ.

— ஆமா, ஆமா. முப்பத்தேழாம் கட்டத்துல நானே படம் போட்டிருக்கேன். “பட்டனை அழுத்து, ஒரு கட்டம் முன்னேறு.” அமுத்திட்டேன். டிங்குன்னுது. நிக்கறான். இறங்கிட்டேன்.

— எங்க இறங்கினீங்க?

— தெரியல. ஒரு சர்ச் இருக்கு, பூட்டியிருக்கு. எதிர்ல ஒரு டெய்ரி, அதுவும் பூட்டியிருக்கு. தூறல் போடுது. ஆள் நடமாட்டமே இல்ல. கோதை...

— சொல்லுங்க.

— அவளும் இப்படி எங்கயாவது நின்னுக்கிட்டிருப்பாளா?

— அப்படிப் பேசாதீங்க.

— அந்த விளையாட்டுல ஒரு கட்டத்தைக்கூட நான் நம்பல. வரைஞ்சேன், கலர் அடிச்சேன், நாலு பேர் பாராட்டினா போதும்னு இருந்தேன். அவ நம்பிட்டா. அப்பா வரைஞ்சா சரியாத்தான் இருக்கும்னு அந்த அட்டையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல இறங்கிட்டா. அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சு, நான் என்ன செய்வேன்?

— நீங்க மட்டுமா? பஸ் வர அஞ்சு நிமிஷம் ஆகும்மான்னு அவ சொன்னப்பல்லாம், எனக்கு டியூட்டிக்கு லேட்டாகுது, ஏறு கார்லன்னு இழுத்துப் போட்டது நான்தானே. போலீசுக்கு போன் பண்ணிடலாங்க. போதும்.

— பண்ணிடலாம். என்ன நிறம் கோட்டு, எத்தனை அடி உயரம் எல்லாம் கேப்பாங்க. உயரம் எவ்வளவு அவ? எனக்கு அதுகூடத் தெரியல கோதை.

— பொறுங்கோ! பொறுங்கோ தம்பி! ஒருத்தருக்கும் போன் எடுக்காதேங்கோ. சந்தியில ஒரு பஸ் நிக்குது. மஞ்சள்... ஓம், மஞ்சள் கோட். அஸ்வினி கையைப் பிடிச்சுக்கொண்டு ஓடி வாறா. வந்திட்டா! உங்கட பிள்ளை வந்திட்டா!

— கோதை, கேட்டியா? கோதை?

— கேட்டுச்சு. பேசாதீங்க. நான் அழுதுக்கிட்டே ஓட்டறேன்.

— இந்தா பிள்ளை, போனில அப்பாவோட கதை பாப்பம்.

— ஹாய் டாட்.

— மஹதி! எங்கடா தங்கம் போயிட்ட? அடி கிடி படலையே?

— நோ. அப்பா, யுவர் எல்லோ லேடர் இஸ் ஃபேக்.

— தெரியும்மா.

— தெரியுமா? தென் வை டிட் யூ டிரா இட்?

— அழகா இருந்துச்சும்மா. வேற ஒண்ணும் சொல்லத் தெரியல எனக்கு. நீ எப்படி வந்த?

— பஸ் டிரைவர்கிட்ட போர்டு காட்டினேன். ஹி லாஃப்ட் சோ மச். ஜெய் பிரகாஷ் அங்கிள். ஃபிஜி. அவருக்குத் தமிழ்ல வணக்கம் மட்டும் தெரியும். மனுக்காவுல இது, ஒனிஹங்காவுல இதுன்னு போர்டு மேலயே பென்ல எழுதிக் குடுத்தார். நான் உங்க ஏணியை மூணா கட் பண்ணிட்டேன். சாரி.

— நல்லா கட் பண்ணும்மா. பயமா இல்லையா உனக்கு?

— கொஞ்சம். ஒன்லி அட் ஒனிஹங்கா. அங்க வெயிட் பண்ணும்போது அந்த தமிழ் சென்டென்ஸ் சொல்லிக்கிட்டே இருந்தேன்.

— மஹி, அம்மா பேசறேன். ஏண்டி இப்படிப் பண்ணின? என் உயிரே போயிடுச்சு.

— அம்மா, டோன்ட் க்ரை. ஐ லெஃப்ட் எ நோட்.

— நாலாம் பக்கத்துக்குப் பின்னாடியா வெப்பாங்க?

— அப்பா அந்த ஸ்பீச் டெய்லி டென் டைம்ஸ் படிக்கிறார். ஐ தாட் ஹி’ல் ஸீ இட்.

— மூணாம் பக்கத்தைத் தாண்ட என்னை யாரும்மா விட்டாங்க.

— இது தப்பு மஹி. வீட்டுக்கு வந்து பேசிக்கறேன். சாப்பிட்டியா?

— டீச்சர் பிஸ்கட் குடுத்தாங்க. எல்லா கிட்ஸும் வெயிட் பண்றாங்க. பெரிய போர்டு எங்க?

— என்கிட்ட. கார்ல.

— கார் எங்க?

— மோட்டார்வேல. அடுத்த எக்ஸிட் வரைக்கும் திரும்ப முடியாது. முன்னாடி ஒண்ணும் நகரல, பின்னாடி ஒண்ணும் தெரியல.

— அப்பா, நீங்க எங்க?

— அப்பாவா? அப்பா வந்து... ஒரு பஸ் ஸ்டாப்ல.

— விச் ஒன்?

— தெரியலம்மா.

— தெரியலையா?

— உன்னைத் தேடி ஒரு பஸ்ல ஏறினேன். அது தாத்தா. அப்புறம் இறங்கினேன். இப்ப எந்த ஊர்ல இருக்கேன்னே தெரியல.

— அழறீங்களா?

— இல்லம்மா. தூறல்.

— குரல் ஒரு மாதிரி இருக்கு.

— உங்கப்பாவுக்கு அது பழக்கம்தான் மஹி. நீ விடு.

— ஓகே. அப்பா, கம்பத்துல ஒரு சைன் இருக்கும். அதுல ஃபோர் நம்பர்ஸ். படிங்க.

— எட்டு, ஏழு, ரெண்டு, மூணு.

— வெயிட். அஸ்வினி ஆன்ட்டி போன்ல பாக்கறேன். காட் இட். நீங்க தூரமா இல்ல. ஏழு ஸ்டாப்தான். பட் யூ ஆர் ஆன் தி ராங் சைட்.

— அது எனக்குப் புதுசில்லம்மா.

— தம்பி, நான் அஸ்வினியின்ட காரை அனுப்பட்டோ? பிள்ளையள் காத்துக்கொண்டு நிக்கினம், பாருங்கோ.

— வேணாம் டீச்சர், நானே அடுத்த எக்ஸிட்ல திரும்பிப் போய் அவரை ஏத்திக்கிட்டு வந்துடறேன். ஒரு கால் மணி நேரம் குடுங்க.

— நோ, அம்மா. நோ, டீச்சர். நீங்களும் என்கூட வாங்க, பஸ் வருது. அப்பா, கேக்குதா?

— கேக்குதும்மா.

— அங்கேயே நில்லுங்க. யார் கார்லயும் ஏறாதீங்க. நாங்க வந்து கூட்டிட்டுப் போறோம்.